சீனியம்மாளின் உடம்பு தனியாகப் போய் உட்கார்ந்த கதை

நிற்கிறவர்கள் எல்லாரும் முதலில் உட்காருங்கள். உட்கார்ந்தாயிற்றா? சரி. இது உட்கார நேரமில்லாத ஒருத்தியின் கதை, இதை நின்றுகொண்டு கேட்டால் அவளுக்கே பொறுக்காது.

காமதேனு நகர்ப் பூங்காவின் வாசலில், நாய்களை அழைத்து வரக் கூடாது என்ற பலகைக்கும் எச்சில் துப்பக் கூடாது என்ற பலகைக்கும் நடுவில், பதினோரு வருஷமாக ஒரு தள்ளுவண்டி நின்றது. வண்டிக்குப் பின்னால் பதினோரு வருஷமாகச் சீனியம்மாள் நின்றாள். வண்டிக்காவது சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார்கள், அவளுக்கு அதுவும் கிடையாது. வெள்ளி முளைக்கிறதுக்கு முன்னால் எழுந்து, அருகம்புல்லை அலசி, வாழைத்தண்டில் நார் எடுத்து, பாகற்காயைப் பிழிந்து, முருங்கைக்கீரையை உருவிக் கொதிக்கப் போட்டு, எல்லாவற்றையும் எவர்சில்வர் டிரம்களில் ஊற்றி, மூன்று தெரு தாண்டித் தள்ளிக்கொண்டு வந்து, ஊரில் உடம்பு வளர்க்கிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்து, மறுபடி தள்ளிக்கொண்டு போய், டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாயங்காலத்துக்குக் கீரை வாங்கச் சந்தைக்குப் போவாள். பாகற்காய்ச் சாறு விற்கிறவளுக்குப் பேர் சீனியம்மாளா என்று கேட்டுச் சிரிப்பது அங்கே தினசரி வழக்கம். கேட்டவரே மறுநாளும் கேட்பார். அவளும் மறுநாளும் சிரிப்பாள்.

அந்தப் பூங்காவை ஆண்டது காமதேனு நகர் நடையாளர் சங்கம். உறுப்பினர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். காலை ஐந்து மணிக்கு வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார்கள், எட்டுச் சுற்று நடப்பார்கள், கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு முகம் சுளித்துக்கொண்டு நடப்பார்கள், வட்டமாக நின்று கையைத் தூக்கி, சிரிப்பு டீச்சர் கற்பகவல்லி 'ஹா' என்றால் 'ஹா ஹா' என்பார்கள், 'ஹோ' என்றால் 'ஹோ ஹோ' என்பார்கள், வீட்டுக்குப் போய் மருமகளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மரத்துக்கு மரம் பலகை. எட்டு மணி நேரம் உறங்குங்கள். மென்று தின்னுங்கள். மனத்தில் பாரம் வைக்காதீர்கள். ஒவ்வொரு பலகையின் கீழும் அதை அன்பளிப்பாகக் கொடுத்தவர் பெயர் பலகையின் வாசகத்தைவிடப் பெரிசாக இருந்தது.

நடந்து முடித்ததும் வண்டிக்கு வருவார்கள். குடிப்பார்கள். மீசையைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை வைத்துவிட்டு, கிளம்புகிறபோது ஒருத்தர் விடாமல் ஒன்று சொல்வார்கள்: "உடம்பப் பாத்துக்க, சீனியம்மா."

அதைச் சொல்கிறவர் எவரும் அவள் உடம்பைப் பார்த்ததில்லை. பேச்சை முடித்துக்கொள்ள ஒரு சொல் வேண்டும், அதற்கு அது தோதாக இருந்தது, அவ்வளவுதான். "எட்டு மணி நேரம் தூங்கணும்மா நீ," என்பார் சங்கத் தலைவர் தனுஷ்கோடி, கூட்டுறவுப் பண்டகசாலையில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே மூச்சில், "நாளைக்கு அஞ்சே காலுக்கெல்லாம் முடக்கத்தான் ரெடியா இருக்கணும், எனக்கு முட்டி பிடிக்குது," என்பார். "சரிங்கய்யா," என்பாள் சீனியம்மாள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சரி.

இப்படிப் பதினோரு வருஷம் சொல்லக் கேட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆறேமுக்கால் மணிக்கு, வெயில் இன்னும் மஞ்சளாகவே இருந்தபோது, தனுஷ்கோடி டம்ளரை வைத்துவிட்டு, "உடம்பப் பாத்துக்கம்மா," என்று சொல்லி வாய் மூடுவதற்குள், அவளுடைய உடம்பு வண்டிக்குப் பின்னாலிருந்து விலகி, முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலைத் தாண்டி உள்ளே போய், வாகை மரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து, வண்டியைப் பார்க்க உட்கார்ந்தது.

சீனியம்மாள் அதைப் பார்த்தாள். கண்ணாடியில் பொட்டு வைக்கிற அளவுக்கு முகத்தைப் பார்த்திருக்கிறாளே தவிர, முழு உடம்பையும் எதிரில் வைத்து அவள் பார்த்ததில்லை. வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருந்தது. முழங்கைக்குக் கீழே ஆவி பட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. கெண்டைக்காலில் நரம்புகள் பாகற்காய்க் கொடி மாதிரி சுருண்டு ஏறின. குதிகால் வெடிப்பில் ஒரு பத்துப் பைசாவைச் செருகலாம். 'யாரு இந்தப் பொம்பள, இந்த வயசுல வெளிய விட்டிருக்காங்க' என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

வண்டிக்குப் பின்னால் மிச்சம் நின்றது என்ன என்று கேட்பீர்கள். சங்கத்தின் பத்தாவது ஆண்டு விழாவில் அவளுக்குக் கொடுத்த பச்சை ஏப்ரன் நின்றது. அதன் கயிறு முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டபடியே இருந்தது. அவள் குரல் நின்றது. அவள் வேலை நின்றது. கரண்டி தானாக மேலே போனது, சாய்ந்தது, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியது.

"என்ன சீனியம்மா, ஏப்ரன் மட்டும் நிக்குது?" என்றாள் சிரிப்பு டீச்சர்.

"உடம்பு அங்கன போயி உக்காந்திருச்சு டீச்சர்."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். "ஓ," என்றாள். "எனக்கு முருங்கை சூப். மிளகு கொஞ்சம் தூக்கலாப் போடு."

அன்றைக்கு ஒருத்தருக்கும் சாறு தாமதமாகவில்லை. அதனால் ஒருத்தரும் எதையும் கேட்கவில்லை. புகார் மறுநாள்தான் வந்தது, அதுவும் உடம்பைப் பற்றி இல்லை, பெஞ்சைப் பற்றி. அந்தப் பெஞ்சின் முதுகில் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. உறுப்பினர் அல்லாத ஒரு உடம்பு அதில் ராத்திரி பகல் பாராமல் உறங்குகிறது என்றும், குறட்டை விடுகிறது என்றும், எட்டுச் சுற்று நடந்து வருகிறவர்கள் மூச்சு வாங்க இடம் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

சங்கம் கூடியது. தனுஷ்கோடி விதிப் புத்தகத்தை எடுத்துவைத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். உடம்பை எழுப்பி வெளியே அனுப்பலாம் என்றார் ஒருவர். எழுப்பிப் பார்த்துவிட்டோம், மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது என்றார் இன்னொருவர். 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்பதை அழிக்கலாம் என்று சொன்னவரை எல்லாரும் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தனுஷ்கோடியே வழி கண்டுபிடித்தார். உடம்பை உறுப்பினராகச் சேர்த்துவிட்டால் விதி மீறல் இல்லை. கைதட்டினார்கள். தூங்குகிற உடம்பின் பெருவிரலை மையில் ஒற்றி விண்ணப்பத்தில் பதித்தார்கள். உறுப்பினர் எண் நூற்றுப் பதின்மூன்று. பதவி, சாதாரணம்.

ஆனால் அதே விதிப் புத்தகத்தில், நாலு பக்கம் தள்ளி, வியாபாரிகள் எக்காரணம் கொண்டும் வாசலைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. ஆக உடம்பு உள்ளே, சீனியம்மாள் வெளியே. உடம்பு உறுப்பினர், அவள் வியாபாரி. இதில் கோணல் எதுவும் இருப்பதாகச் சங்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை; தோன்றியிருந்தாலும் அதற்கு இன்னொரு தீர்மானம் போட வேண்டியிருக்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதல் பத்து நாள் அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. இடுப்பு வலிக்கவில்லை. கை சுடவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் தோள் கடுக்கவில்லை. தூக்கம் என்ற ஒன்று இல்லாததால் கூடுதலாக இரண்டு டிரம் போட்டாள், மதியத்துக்கும் கடை விரித்தாள். 'இத்தன வருஷம் இதையும் சேத்துத்தான தள்ளிட்டுத் திரிஞ்சேன், சனியன் இறங்கிப் போச்சு' என்றுகூட நினைத்தாள். சங்கத்தாரும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் சீனியம்மா சுறுசுறுப்பா இருக்கா," என்று மெச்சினார்கள்.

பதினோராம் நாள் முருங்கை சூப்பில் உப்புப் போட மறந்துபோனாள். ருசி பார்க்க நாக்கு இல்லை. பயந்துகொண்டு நின்றாள். குடித்தவர்கள் எல்லாரும், "உப்பில்லாம, ஆகா, இதுதான்மா ஆரோக்கியம்," என்றார்கள். மறுநாள் பயத்தில் இரண்டு தடவை போட்டுவிட்டாள். "இந்துப்புப் போட்டியா? அதான் ஒரு கைப்பு," என்று தலையாட்டினார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முறையாக உள்ளே எதுவோ இடிந்தது. இடிகிறதற்கு நெஞ்சு இல்லாததால் அது எங்கே இடிந்தது என்று தெரியவில்லை.

அவள் புருஷன் மூக்கையா, பஞ்சாலை வாசலில் பகல் காவல் பார்க்கிறவன், அவன் மட்டும் முதல் நாள் சாயங்காலமே கண்டுபிடித்திருந்தான். சோற்றுத் தட்டு அடுப்படியிலிருந்து தானாக வந்து அவன் முன்னால் இறங்கியது. ஏப்ரன் எதிரே நின்றது.

"நீ உண்கலையா?" என்றான்.

"எதுல உண்க? வாயி அங்க இருக்கு."

மூக்கையா சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தான். "அப்பக் கூட்டிட்டு வா."

"கூப்பிட்டேன். வரலங்க."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவன் பூங்காவுக்குப் போனான். அவன் வியாபாரி இல்லை, அதனால் விதி அவனைத் தடுக்கவில்லை. உடம்பின் காலடியில் உட்கார்ந்து, நல்லெண்ணெய் தொட்டுக் கெண்டைக்காலை நீவிவிட்டு வருவான். ஒரு தடவை தனுஷ்கோடியிடம், "ஐயா, எம் பொண்டாட்டிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றான்.

"தாராளமா. உறுப்பினர் தன் சொந்த விருப்பத்துல வெளியேறுறதா கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும்."

"தூங்குறவ எப்படிய்யா கையெழுத்துப் போடுவா?"

"சேர்றதுக்குக் கைநாட்டு போதும். வெளிய போறதுக்குக் கையெழுத்துதான். விதி அப்படி."

வீட்டுக்கு வந்து சீனியம்மாளிடம் சொன்னான்: "நல்லா இருக்கு. பாத வெடிப்பு மூடிட்டு வருது. முகம் தெளிஞ்சிருக்கு." எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "உன்ன விட நல்லா இருக்கு," என்றான். அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தது. அதற்கும் அங்கேதான் போக வேண்டும்.

உடம்பு தேறி வருவதைச் சங்கமும் கவனித்தது. கவனித்ததும், அதற்குக் காரணம் தாங்கள்தான் என்று நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு உடம்பைச் சும்மா விடுவார்களா? காலையில் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி எட்டுச் சுற்று இழுத்து வந்தார்கள். அது தூங்கிக்கொண்டே இழுபட்டது. கூழாங்கல் பாதையில் நிறுத்தினார்கள், நின்றுகொண்டு தூங்கியது. சிரிப்பு வட்டத்தில் ஒருவர் அதன் இடது கையையும் இன்னொருவர் வலது கையையும் தூக்கிப் பிடிக்க, டீச்சர் 'ஹா' என்றாள், உடம்பு குறட்டை விட்டது, "பாருங்க, உள்ளுக்குள்ள சிரிக்குது," என்றாள் டீச்சர். சித்த மருந்துக் கடையில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்த வேதமுத்து, நிலவேம்புக் கஷாயத்தை அதன் வாயில் ஊற்றுவார். அது கடைவாய் வழியே ஒழுகி மண்ணில் விழும். அந்த இடத்தில் எறும்பு வருவதே நின்றுபோயிற்று. ஆளுக்கொரு பத்தியம். சோளம் கொடு, வரகு கொடு, சூரியனைப் பார்க்க வை, சந்திரனைப் பார்க்க வை. சுவரில் அட்டவணை தொங்கியது. வெடிப்பு மூடியதற்குக் கூழாங்கல் காரணம் என்று அதில் எழுதினார்கள். மூன்று வாரமாக அந்தக் குதிகாலின்மேல் யாரும் நாள் பூராவும் நிற்கவில்லை என்பதை எழுதக் கட்டம் இல்லை.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் கதைக்கு ஆகாது. இப்படி ஒரு உடம்பு எழுந்து வந்து எதிரே உட்காரும் என்றால் நமக்கும் வரட்டுமே என்று சங்கத்தாருக்கு ஆசை வந்தது. காலையில் ஒருவரை ஒருவர் நிறுத்திவைத்து, "உடம்பப் பாத்துக்கங்க," "நீங்களும் உடம்பப் பாத்துக்கங்க," என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். கண்ணாடி முன்னால் நின்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். ஒரு உடம்பும் அசையவில்லை. பார்த்துப் பார்த்து, தடவித் தடவி, அளந்து அளந்து வளர்த்த உடம்புகள் அவை. எதைக் காட்ட எழுந்து வரும்?

முப்பத்தைந்தாம் நாள், வாழைத்தண்டுச் சாற்றைக் குடித்துவிட்டு வேதமுத்து போகிறபோக்கில் சொன்னார்: "சீனியம்மா, ஒரு மண்டலம் ஆகப் போகுது, கணக்கு வச்சிருக்கியா? நாப்பத்தெட்டு நாள் தாண்டிச்சுன்னா உடம்பும் ஆளும் ஒட்டாது. ஒடிஞ்ச எலும்பு கோணிச் சேந்துக்கிட்டா அப்புறம் நேராக்க முடியாதுல்ல, அது மாதிரி. அது அது பாட்டுக்கு, நீ நீ பாட்டுக்கு."

"ஐயா! இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா. பாத்துக்க," என்று சொல்லிவிட்டு வேதமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். எதைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து சீனியம்மாள், ஊற்றுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம், கம்பி வேலியின்மேல் ஏப்ரனைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். "எந்திரி. நேரமாச்சு. எந்திரி, கீரை வாங்கப் போகணும். எந்திரிங்கறேன்ல." உடம்பு காதைக் கையால் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பியது. ஒரு தடவை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. விடிகாலையில் கதவைத் தட்டுகிற ஆளைப் பார்க்கிற பார்வை அது.

"நீ கூப்பிடுறத நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றான் மூக்கையா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். "மாட்ட எழுப்புற மாதிரி இருக்கு."

"வேற எப்படிங்க கூப்பிட? பதினோரு வருசமா இப்படித்தான எழுப்பிட்டு வாரேன்."

"அதான் சொல்றேன்," என்றான்.

தனுஷ்கோடியிடம் போய், ஒரே ஒரு நாள் கடை லீவு விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து பேசிப் பார்க்கிறேன் என்று கேட்டாள். தலைவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். உடம்பு தனியாகப் போனதற்கு அதிராதவர், இதற்கு அதிர்ந்தார். "லீவா? அப்ப பாகற்கா? எனக்கு சுகர் இருக்கும்மா. வேதமுத்துக்கு வாயு. டீச்சருக்கு ரத்தம் கம்மி. நூத்திப் பன்னெண்டு உசுரும்மா. நீ பொறுப்பு இல்லாமப் பேசலாமா?" சீனியம்மாளுக்கு அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப்பட்டது. அவளுக்கு எல்லாருடைய நியாயமும் உடனே படும். அதுதான் அவளுடைய நோய், அதற்கு அந்த வண்டியில் சாறு இல்லை.

அதற்கு மேல் இன்னொரு பயமும் இருந்தது, அதை அவள் மூக்கையாவிடம்கூடச் சொல்லவில்லை. வியாபாரி என்றால் யார்? ஏப்ரன் கட்டினவள். ஏப்ரனைக் கழற்றிவிட்டால் விதி அவளைத் தடுக்காது. ஆனால் அதைக் கழற்றினால் அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? உடம்பு அங்கே. ருசி அங்கே. அழுகை அங்கே. இந்தப் பச்சைத் துணிக்குள் இருப்பது வேலை மட்டும்தான் என்றால், துணியும் போய்விட்டால், காற்றில் கற்பூரம் மாதிரி இருந்த இடம் தெரியாமல் போய்விடுவோமோ என்று பயந்தாள். வீட்டில்கூட அதைக் கழற்றாமல் இருந்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் சங்கத்தின் ஆண்டு விழாவாக வந்து அமைந்தது. பூங்காவுக்குள் பந்தல் போட்டு, கல்யாண மண்டபத்திலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு சோபாவைக் கொண்டுவந்து மேடையில் போட்டு, அதில் உறுப்பினர் எண் நூற்றுப் பதின்மூன்றைச் சம்பங்கி மாலையோடு உட்கார வைத்தார்கள். பின்னால் பெரிய தட்டி: 'அன்றும் இன்றும்'. அன்று என்பதற்குப் படம் இல்லை, ஏனென்றால் அன்று அவளை யாரும் படம் பிடித்ததில்லை. அதனால் வேறு யாரோ மெலிந்த பொம்பளையின் படத்தைப் போட்டிருந்தார்கள். இன்று என்பதற்குக் கீழே உடம்பே உட்கார்ந்து, தலை சாய்ந்து, நிம்மதியாகத் தூங்கியது.

வெளியே வண்டி முன்னால் கூட்டம் நெரிந்தது. விழா என்பதால் உறுப்பினர்களோடு பெண்டாட்டிமார், சம்பந்திமார் எல்லாரும் டம்ளரோடு நின்றார்கள். சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். மூக்கையா அன்றைக்குப் பூங்காவுக்குள் போகவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கரண்டி மேலே போனது, சாய்ந்தது, மேலே போனது, சாய்ந்தது. பிறகு பாதி வழியில் நின்றது.

"ஏங்க," என்றாள் சீனியம்மாள், மெதுவாக.

"சொல்லு."

"பின்னால முடிச்சு இருக்கு. எனக்குக் கை எட்டாது."

மூக்கையா ஏப்ரனின் முதுகுப் பக்கம் போனான். அந்த முடிச்சு நாற்பத்தெட்டு நாளாக அவிழாமல் கல்லாகியிருந்தது. "அவுக்கவா?" என்றான். "நீ இருப்பியா?"

"தெரியலையே."

அவன் முடிச்சை விரலால் நெருடிப் பார்த்தான். பின்னாலிருந்து எவரோ, "என்னப்பா அங்க, ஜனங்க நிக்குதுல்ல," என்று கத்தினார். மூக்கையா பல்லால் கடித்து முடிச்சைத் தளர்த்தி, கயிற்றை உருவினான். ஏப்ரன் சரிந்து அவன் கையில் விழுந்தது. கரண்டி டிரம்முக்குள் விழுந்து மூழ்கியது.

"சீனி?"

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல், ரொம்பச் சின்னதாக, "போயிட்டு வாரேங்க," என்றது.

அதற்கப்புறம் வாசலில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு டீச்சர் சொல்லித்தராத சிரிப்பு வரும். உடம்பு எழுந்து போனபோது திரும்பிப் பார்க்காத ஊர், சாறு நின்றதும் ஓலமிட்டது. "ஊத்துறவ எங்க? ஊத்துறவளக் காணோம்!" ஒருவர் டிரம்முக்குள் கையைவிட்டு வெந்துகொண்டார். மனத்தில் பாரம் வைக்காதீர்கள் என்ற பலகையை அன்பளிப்பாகக் கொடுத்தவரும், மென்று தின்னுங்கள் பலகைக்காரரும், கடைசி டம்ளருக்காகச் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்கள். வேதமுத்து பாகற்காய் என்று நினைத்து முடக்கத்தானை ஊற்ற, தனுஷ்கோடி மேடையிலிருந்து மைக்கில், "அமைதி! நடையாளர்களே, மூச்சை உள்ளே இழுங்கள்," என்று கத்த, இழுத்த மூச்சையெல்லாம் அவர்கள் ஒருவரையொருவர் வையவே வெளியே விட்டார்கள்.

சீனியம்மாள் அவர்களுக்கு நடுவில் புகுந்து, வாசலைத் தாண்டி, பந்தலுக்குள் போனாள். யாருக்கும் தெரியவில்லை. தனக்கே தான் இருப்பது தெரியவில்லை. பார்க்கிறோம் என்பதை வைத்துத்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு போனாள். மேடை ஏறி, சோபாவுக்கு முன்னால் நின்றாள். எந்திரி என்ற சொல் குரல்வரை வந்தது. வந்த சொல்லை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

பாதத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். வெடிப்பு மூடி, பால் வடிந்த கோடு மாதிரி வெளுத்த ஒரு வரி மட்டும் இருந்தது. நரம்புகள் அடங்கியிருந்தன. முழங்காலில் ஒரு வடு, சின்ன வயசில் புளியமரத்திலிருந்து விழுந்தது, அது இன்னும் அங்கேயே இருந்தது. அப்படி ஒரு மரத்தில் ஏறியதையே மறந்துபோயிருந்தாள். வயிறு ஏறி இறங்கியது. அவள் சொல்லாமலே ஏறி இறங்கியது. இத்தனை வருஷமும், ஒருவரும் சொல்லாமல், ஒருவரும் மெச்சாமல், இது இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மைக்கில் தனுஷ்கோடி சுறுசுறுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார், அது அவளுக்குக் கேட்கவே இல்லை.

"தூங்கு," என்றாள் அவள். "நான் இங்கனதான் இருக்கேன். எங்கயும் போகலை."

உடம்பு கண்ணைத் திறந்தது. எதிரே ஒன்றும் இல்லாத இடத்தை நேராகப் பார்த்தது. பிறகு, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி, முந்தானையை இழுத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு சோபாவில் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

சீனியம்மாள் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த அந்தக் கணத்தில் பதினோரு வருஷத்து அலுப்பும் எங்கிருந்தோ வந்து இடுப்பில் இறங்கியது, தோளில் இறங்கியது, இமையில் இறங்கியது. எந்தப் பக்கம் அவள், எந்தப் பக்கம் உடம்பு என்று தெரியாமல் போனது. வாய் தானாகத் திறந்து, தாடை நெரிந்து, கண்ணில் நீர் கோத்து, ஒரு கொட்டாவி வந்தது பாருங்கள், அப்படி ஒரு கொட்டாவியைக் காமதேனு நகர் பார்த்ததில்லை. அது மேடையை விட்டு இறங்கியது. தனுஷ்கோடி, 'சுறுசுறுப்பு என்பது' என்று சொல்ல வாயைத் திறந்தவர் மூட முடியாமல் கொட்டாவி விட்டார். முதல் வரிசை விட்டது. இரண்டாவது வரிசை விட்டது. வாசலில் காலரைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுக்காமலே விட்டார்கள். டீச்சர் 'ஹா' என்றாள், சிரிப்பதற்காக இல்லை. கூழாங்கல் பாதையிலும் புல்லிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும், வெள்ளை ஷூவும் மாலையுமாக, நூற்றுப் பன்னிரண்டு பேரும் சம்பந்திமாரும் அங்கங்கே சாய்ந்து, வாய் பிளந்து, எச்சில் ஒழுகத் தூங்கிப்போனார்கள். எட்டு மணி நேரம் உறங்குங்கள் பலகையை எழுதி வைத்த நாளிலிருந்து அவர்களில் ஒருத்தர்கூட இரவில் ஒழுங்காகத் தூங்கியதில்லை என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

வெயில் உச்சிக்கு ஏறிச் சாய்ந்த பிறகு சீனியம்மாள் கண் விழித்தாள். கழுத்தில் மாலை அரித்தது. அரிக்கிறதே என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டு, சொரிந்துகொண்டாள். சொரிய இவ்வளவு சுகமா என்று இன்னொரு தடவை சொரிந்துகொண்டாள். மாலையைக் கழற்றித் தனுஷ்கோடியின் மடியில் போட்டாள். விதிப் புத்தகம் அவர் தலைக்கு அணையாக இருந்தது. அந்தப் புத்தகத்தால் யாருக்கும் உதவி நடந்தது அந்த ஒரு தரம்தான்.

தூங்குகிறவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி நடந்தாள். மூட்டு லேசாக வலித்தது. வலிக்கிற இடத்தில் நின்றாள், கையால் தேய்த்தாள், பிறகு நடந்தாள்.

வாசலில் மூக்கையா வண்டியின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கொட்டாவி அவனையும் தொட்டிருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது, ஆனாலும் தூங்காமல் இருந்தான். அவளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தான்.

"வந்துட்டியா?" என்றான்.

"வந்துட்டோம்," என்றாள் சீனியம்மாள். வண்டியைத் தள்ளப் போகாமல், அவன் பக்கத்தில், தரையில், காலை நீட்டி உட்கார்ந்தாள்.